மருமக்கள் வரிசையில் காணாமல் போன பெயர்

கோட்-டே-நேஜ், மொன்றியல்
மாசி 15

மதிப்புக்குரிய சகலன் ஞானேந்திரன் அவர்களுக்கு,

இவ்விடம் நானும் யோகராணியும் மகள் துஷாந்தினியும் சுகம். அவ்விடம் ரொறன்ரோவில் தாங்களும் தங்கள் பாரியார் நகுலேஸ்வரியும் எப்படி என்று கேட்டறிய வழியில்லை. என்னுடைய போன் இலக்கத்தைத் தாங்கள் தடுத்து வைத்திருப்பதாலும், அதே சூட்டோடு யோகராணியின் இலக்கத்தையும் தடுத்துவிட்டதாலும், துஷாந்தினி 'எப்பிடி சித்தப்பா' என்று எழுதினால் ஒரு கும்பிடு படம் மட்டும் திரும்பி வருவதாலும், தாங்கள் நல்ல சுகத்தோடுதான் இருக்கிறீர்கள் என்று நானாகவே தீர்மானித்து, முத்திரை ஒட்டி இக்கடிதத்தை வரைகிறேன். காகிதத்தைத் தடுக்கும் பொத்தானை இன்னும் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

விஷயம் தாங்கள் அறிந்ததுதான். சென்ற சித்திரையில் எங்கள் இருவருக்கும் பெண் கொடுத்த மாமா காலமானார். அறிவித்தலை ஊரில் எல்லாரும் போடுகிற தளம் ஒன்றிலே போடலாம் என்றுதான் நான் சொன்னேன். துஷாந்தினிதான், "அம்மப்பாவுக்கு நானே ஒரு பக்கம் செய்யுறன்" என்று இரண்டு நாளில் ஒரு நினைவுப் பக்கம் செய்து, அறிவித்தலையும் படங்களையும் அதில் ஏற்றி, உறவு முழுவதற்கும் அனுப்பினாள். எங்கள் ஆட்கள் மரண அறிவித்தலை எப்படி வாசிப்பார்கள் என்று தங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காலமானவர் யார் என்று பார்ப்பதற்கு முன்னமே தன் பெயர் இருக்கிறதா, எத்தனையாவது, யாருக்குப் பின்னால் என்று பார்ப்பார்கள். தாங்களும் பார்த்தீர்கள். மருமக்கள் வரிசையில் 'உருத்திரமூர்த்தி ஆகியோரின் பாசமிகு மாமனாரும்' என்று கிடந்தது. தங்கள் பெயர் இல்லை. செத்தவீட்டுக்கு வந்தீர்கள், கிரியை முடியும்வரை கைகட்டி நின்றீர்கள், ஒரு வாய் தேத்தண்ணியும் குடிக்காமல் காரில் ஏறினீர்கள். அன்றைக்கு நின்ற பேச்சு அக்காவுக்கும் தங்கைக்கும் இடையில் இன்னும் தொடங்கவில்லை. திதிப்படி வருகிற பங்குனி 29, ஞாயிற்றுக்கிழமை, மாமாவின் முதலாம் வருட ஆட்டத்திவசம். யோகராணி சமையல் பட்டியல் எழுதும்போது 'பயற்றங்காய்க் கறி, நகுலாவுக்கு உறைப்பில்லாமல்' என்று எழுதுகிறாள், பிறகு வெட்டுகிறாள், பிறகு அடுத்த வரியில் அதையே எழுதுகிறாள். தாங்கள் நகுலேஸ்வரியைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும். இந்தக் கடிதத்தில் உள்ள மிச்சமெல்லாம் அதற்கான பீடிகை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்குகிறேன். தங்கள் பெயர் அங்கே இருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். தங்கள் போனின் அகலம் போதாமல் பெயர் திரைக்கு வெளியே போய் விழுந்துவிட்டது. இதைக் கேட்டால் தாங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். ஆகையால்தான் நான் மூன்று கிழமையாகத் துஷாந்தினிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து, வெப் பக்கம் என்றால் என்ன, அதை எப்படிக் கட்டுகிறார்கள் என்று அடிமுதல் படித்திருக்கிறேன். வெப் பக்கம் கட்டுவதுதான் அவளுக்கு வேலை; கிழமையில் மூன்று நாள் லொங்குய்யில் ஒபிஸ், மெட்ரோவில் ஆற்றுக்குக் கீழால் போய்வருகிறாள். மற்ற இரண்டு நாள் எங்கள் சாப்பாட்டு மேசைதான் ஒபிஸ். மேசையின் இந்தப் பக்கம் யோகராணி கீரை ஆய்வாள், அந்தப் பக்கம் கியூபெக் மாகாணத்தில் அரைவாசிப் பேர் திறக்கிற ஒரு பக்கத்துக்குப் பொத்தான் பூட்டுப்படும். எங்கள் உறவுக்காரப் பொடியன் நிஷானுடைய கலியாண வீட்டில் தாங்கள் என்னிடம், "மகள் என்ன, கொம்பியூட்டரிலை படம் ஒட்டுறாவோ?" என்று கேட்டீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது திரும்ப எடுத்துக்கொள்கிறேன், தாங்களும் தங்களுடையதை எடுத்துக்கொள்வது நல்லது.

ஏனென்றால் ஞானேந்திரன், (மன்னிக்கவும், 'தாங்கள்' 'தாங்கள்' என்று எழுதிக் கை உளைகிறது, பழையபடி நீர் என்றே எழுதுகிறேன்) இது படம் ஒட்டுகிற வேலை இல்லை. ஒரு பக்கத்துக்கு முதலில் எலும்பு வைக்கிறார்கள், அதற்கு எச்.ரி.எம்.எல். என்று பெயர். பிறகு உடுப்புப் போடுகிறார்கள், அது சி.எஸ்.எஸ். பிறகு தொட்டால் என்ன செய்ய வேண்டும், தொடாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று பழக்கிவிடுகிறார்கள். இவள் இடப்பக்கத்தில் ஒரு எண்ணை மாற்றுவாள், கண் இமைக்குமுன் வலப்பக்கத்தில் பக்கம் முழுவதும் அசைந்து கொடுக்கும். பிழையென்றால் இரண்டு விரலை அமத்துவாள், பிழை நடக்கவே இல்லை. நான் டோர்வலில் இருபத்தெட்டு வருடம் விமானத்துக்குப் பெட்டி ஏற்றினவன். வன்கூவருக்குப் போகவேண்டிய பெட்டியைப் பாரிசுக்கு ஏற்றினால் அது திரும்பி வர நாலு நாள், அதுவும் பிடி உடைந்துதான் வரும். ஒரு பிழையை இவ்வளவு மரியாதையாகத் திருப்பி எடுக்கலாம் என்று எனக்கு அறுபத்தாறு வயதில்தான் தெரியவந்தது.

அதைவிடப் பெரிய விஷயம், அவள் வேலை தொடங்குவது எப்போதும் மிகச் சின்னத் திரையிலிருந்து. "பெரிய திரை வைச்சிருக்கிறவைக்கு எப்பிடியும் தெரியும் அப்பா, இல்லாதவையை முதல்லை யோசிக்கவேணும்" என்கிறாள். அவளுடைய கொம்பியூட்டரில் ஒரு கருவி இருக்கிறது. அதில் பெரிய திரையை ஓரத்தில் பிடித்து இழுத்தால் பக்கம் ஒடுங்கி ஒடுங்கி ஒரு போன் அளவுக்கு வந்துவிடும், எந்த இடத்தில் எது இடறுகிறது என்று அப்படியே பார்க்கலாம். நான் மாமாவின் பக்கத்தைப் பிடித்து இழுத்தேன். உண்மையாகவே, திரை மிகவும் ஒடுங்கினபோது நிறையப் பேர் விளிம்பால் வெளியே போனார்கள். பேரப்பிள்ளைகள் வரிசையில் ஒருவர் பாதி உடம்போடு தொங்கினார். நான் யோகராணியைக் கூப்பிட்டு, "பார்த்தியோ, நான் சொன்னனான்தானே" என்றேன். அவள், "அப்ப உந்தப் பெரிய திரையிலையும் ஞானேந்திரன்ரை பேர் இல்லையே, அதென்னெண்டு?" என்று கேட்டாள். அவளுக்கு இந்த நுணுக்கங்கள் விளங்காது. துஷாந்தினி கீபோர்டை இழுத்து இரண்டு வரி எழுதினாள். வெளியே போனவர்கள் எல்லாரும் தாங்களாகவே அடுத்த வரிக்கு இறங்கி வந்து ஒழுங்காக நின்றார்கள். "பெட்டிகளுக்கு இப்பிடிச் சொல்லிவைக்கலாம் அப்பா. இடம் இல்லாட்டில் ஒருத்தரையும் தள்ளாதை, எல்லாரும் கொஞ்சம் ஒதுங்கி இடம் விடுங்கோ எண்டு" என்றாள். நான் அந்த இரண்டு வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர்ச் சங்கக் கூட்டங்களுக்கு இப்படி இரண்டு வரி எழுத ஆள் இல்லாமல் போய்விட்டதே.

பிறகு அவள் இன்னொரு சோதனை முறையும் சொன்னாள். கொம்பியூட்டரில் ஒடுக்கிப் பார்ப்பது ஒரு பக்கம், கடைசியில் உண்மையான போன்களில் திறந்து பார்க்கத்தான் வேண்டுமாம். அந்த வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். ஞானேந்திரன், அது என் பிழைதான். சனிக்கிழமை எங்கள் தமிழ்க் கடையில் மரக்கறிப் பகுதியில் நின்று, வருகிறவர்களிடமெல்லாம், "ஒருக்கால் போனைத் தாரும், ஒரு பக்கம் திறந்து பாக்கவேணும்" என்று பதினான்கு போனில் மாமாவின் மரண அறிவித்தலைத் திறந்தேன். ஒவ்வொரு போனாகப் பார்த்து, விளிம்பைப் பார்த்து, குறிப்பெழுதினேன். நான் விளிம்பைப் பார்த்தேன், சனம் படத்தையும் என் முகத்தையும் பார்த்தது. ஒரு அம்மா வெண்டிக்காய்க்கு நடுவில் நின்று என் கையைப் பிடித்து அழுதா. நான் ஆறுதல் சொல்லிவிட்டு, "உங்கட போனிலை எழுத்துப் பெருப்பிச்சு வைச்சிருக்கிறியளோ?" என்று கேட்டேன். அது நல்ல கேள்வி என்று துஷாந்தினி பிறகு சொன்னாள், ஆனால் கேட்ட இடம் சரியில்லையாம்.

அந்தப் பதினான்கில் ஒன்று அருமைநாதனுடையது. உமக்குத் தெரியும், என்னோடு டோர்வலில் வேலை செய்து, இப்போது புவாண்ட்-கிளேரில் மகனோடு இருக்கிற ஆள். நான் போனைத் திருப்பிக் கொடுக்கும்போது பக்கத்தை மூட மறந்துவிட்டேன். மனுசன் கண்ணாடி இல்லாமல் வீட்டில் போய்த் திறந்திருக்கிறான். மரண அறிவித்தல், அதில் உருத்திரமூர்த்தி என்ற பெயர். அவனுக்கு அது போதும். அடுத்த நாள் மத்தியானம் கதவு மணி அடித்தது. திறந்தால் அருமைநாதன், பின்னால் மனுசி, அதற்குப் பின்னால் இரண்டு சட்டியோடு மகன். செத்தவீட்டில் அடுப்பு எரியாது என்று நாற்பது பேருக்கு இடியப்பமும் சொதியும். என்னைக் கண்டவுடன் அருமைநாதன் ஒரு அடி பின்னால் வைத்து, "அண்ணை, நீங்களோ?" என்றான். "நான்தான்" என்றேன். "அப்ப ஆர்?" என்றான். "ஒருத்தரும் இல்லை, உள்ளுக்கு வா, குளிருது" என்றேன். அவன் முகத்தில் சந்தோசம் இருந்தது, ஆனாலும் அந்த நாற்பது பேருக்கான இடியப்பத்தைப் பார்த்தபோது ஒரு சின்ன ஏமாற்றமும் இருந்தது என்பதை நான் மறைக்கப்போவதில்லை. நாங்கள் செவ்வாய்க்கிழமைவரை இடியப்பம் சாப்பிட்டோம்.

அதற்குப் பிறகுதான் நான் அந்தப் பெரிய கருவியைக் கண்டுபிடித்தேன். துஷாந்தினி கோப்பி போட எழும்பின நேரம், கொம்பியூட்டர்ச் சுண்டெலியின் வலப்பக்கத்தை அமத்தினேன். ஒரு பட்டியல் வந்தது, அதில் 'இன்ஸ்பெக்ட்' என்று ஒன்று. அமத்தினால், ஐயோ ஞானேந்திரன், பக்கத்தின் உள்ளுடம்பு முழுவதும் திறந்து கிடக்கிறது. எந்த எழுத்தின் மேலும் கை வைக்கலாம், அழிக்கலாம், எழுதலாம். நான் மருமக்கள் வரிசைக்குப் போய், என் பெயருக்கு முன்னால், முன்னால் என்பதைக் கவனியும், 'ஞானேந்திரன்' என்று தெளிவாகத் தெரியும்படி எழுதிவிட்டேன். திரையில் உடனே வந்தது. யோகராணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். உலகம் முழுவதும் திருத்தப்பட்டுவிட்டது என்று அருமைநாதனுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். கை பழகிவிட்டதால், காலநிலைப் பக்கத்தையும் திறந்து, பனி போதும் என்று மைனஸ் பதினெட்டைப் பிளஸ் பன்னிரண்டாக்கினேன். அதைப் பார்த்து யோகராணி மெல்லிய கோட்டோடு பஸ் தரிப்புவரை போய், திரும்பி வந்து, காலுறையைக் கழற்றி ஹீற்றரில் வைத்துவிட்டு, அன்று பின்னேரம்வரை என்னோடு கதைக்கவில்லை. பிறகு துஷாந்தினிதான் விளங்கப்படுத்தினாள்: "அப்பா, அது உங்கட திரையிலை மட்டும்தான் மாறும். நாங்கள் எழுதிப் பார்க்கத்தான் அது. திரும்பத் திறந்தால் பழையபடிதான்." திரும்பத் திறந்தாள். உம்முடைய பெயர் போய்விட்டது. கனடாவின் காலநிலைக்கு என்னால் ஒரு தீங்கும் இல்லை என்பதில் ஆறுதல், மற்றதில் கவலை.

ஆனால் அன்றைக்கு அதே கருவியில் அவள் எனக்கு இன்னொன்று காட்டினாள். அதைச் சொல்லத்தான் வேண்டும். கண் தெரியாதவர்களும் வெப் பக்கம் வாசிப்பார்களாம். அவர்களுக்குக் கொம்பியூட்டர் சத்தமாக வாசித்துக் காட்டுமாம். அதற்காக ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு வரி எழுதிவைக்க வேண்டும். பல பேர் அதை எழுதுவதில்லை, எழுதினாலும் 'படம்' என்று எழுதிவிட்டுப் போவார்களாம். எங்கள் மகள் மாமாவின் பக்கத்தில் இருபத்தாறு படத்துக்கும் எழுதியிருக்கிறாள். மலைக்கு மேலே நாங்கள் மூன்று பேரும் நின்று எடுத்த படம் நினைவிருக்கும். அதற்குப் பின்னால் இப்படி எழுதியிருக்கிறது: 'அம்மப்பா கம்பளித் தொப்பியோடு நடுவில் நிற்கிறார். இடப்பக்கம் அப்பா, வலப்பக்கம் ஞானேந்திரன் சித்தப்பா. பனி வழுக்குமென்ற பயத்தில் அம்மப்பா இரண்டு மருமக்களின் கையையும் இறுக்கிப் பிடித்திருக்கிறார்.' கொம்பியூட்டர் அதைத் தட்டுத்தடுமாறித் தமிழில் வாசித்தது. இன்னொருதரம் வாசிக்கச் சொன்னேன். என்ன மாதிரிப் பிள்ளை ஞானேந்திரன் இது! ஒருவரும் பார்க்காத இடத்தில் இவ்வளவு கவனமாக வேலை செய்கிற ஆளை நான் என் வாழ்நாளில் வேறு கண்டதில்லை. அவளுடைய தகப்பன் என்று சொல்ல எனக்கு வெட்கமும் பெருமையும் ஒன்றாக வருகிறது. ஆகவே, கண் தெரியாத எவரும் அந்தப் பக்கத்தைத் திறந்தால் நீர் மாமாவின் மருமகன் என்பது அவருக்கு ஐயமறத் தெரியும். கண் தெரிந்தவர்களுக்குத்தான் சிக்கல், அது போனின் அகலத்தால் வந்தது.

இன்னும் சந்தேகமிருந்தால் ஒன்று கேட்கிறேன். 'உருத்திரமூர்த்தி ஆகியோரின்' என்று இருந்ததே, ஒற்றை ஆளுக்கு யாராவது 'ஆகியோர்' போடுவார்களா? நீர் அங்கே இருந்தீர் என்பதற்கு இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்? துஷாந்தினியிடம் இன்றைக்கு உம்முடைய பெயர் எல்லாப் போனிலும் தெரியும்படி பக்கத்தை முற்றாகப் பார்த்துத் திருத்தச் சொல்லியிருக்கிறேன். "பாக்கிறன் அப்பா, நீங்களும் பக்கத்திலை இருங்கோ" என்று சொல்லியிருக்கிறாள். இக்கடிதம் கைக்கு வந்தவுடன் உம்முடைய போனில் திறந்து பாரும். குற்றம் என்னிலும் இல்லை, பிள்ளையிலும் இல்லை, இயந்திரத்தில்தான் என்று நகுலேஸ்வரிக்கும் எடுத்துச் சொல்லும்.

ஆகவே பழையதை மனதில் வைத்திராமல் குடும்பத்தோடு பங்குனி 29க்கு வரும்படி கேட்டுக்கொள்கிறேன். வரும்போது கிங்ஸ்ரனுக்கு அப்பால் பனி கூடவாம், மெதுவாக ஓடவும். நகுலேஸ்வரிக்கு எங்கள் அன்பும், உமக்கு மூத்தவன் என்ற முறையில் என் ஆசியும், பாலும் பழமுமாக நீங்கள் இருவரும் நீடு வாழ வேண்டுமென்ற பிரார்த்தனையும்.

இப்படிக்கு,
மாமாவின் மூத்த மருமகன்,
உருத்திரமூர்த்தி

பி.கு: கடித உறையை இன்னும் ஒட்டவில்லை. துஷாந்தினி என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி, இதுவரை காட்டாத ஒரு கருவியைக் காட்டினாள். ஒரு பக்கத்தில் செய்கிற ஒவ்வொரு மாற்றத்தையும் அது எழுதி வைத்துக்கொள்ளும். எந்த வரி வந்தது, எந்த வரி போனது, எந்த நாள், எத்தனை மணி, என்ன காரணம், எல்லாம். சித்திரை 9, காலை பத்து மணி: அம்மா சொன்னபடி மருமக்கள் வரிசை, இரண்டு பெயர். அதே நாள், பதினொன்று நாற்பது: ஒரு பெயர் நீக்கம். காரணம் என்ற இடத்தில் அவள் எழுதியிருந்தது, 'அப்பா சொல்லி எடுத்தது'.

அந்த வரியை அழிக்கலாமா என்று கேட்டேன். "அழிக்கலாம் அப்பா. அழிச்சது நீங்கள் எண்டு அதையும் எழுதிவைக்கும்" என்றாள். போனின் அகலம், விளிம்பு, ஆகியோர், மேலே எழுதின அவ்வளவும் பொய் ஞானேந்திரன். எடுக்கச் சொன்னது நான். பிள்ளை தாயிடம்கூடச் சொல்லாமல் பத்து மாதம் வைத்திருந்தாள். நானாகச் சொல்வேன் என்று மூன்று கிழமை ஒவ்வொரு கருவியாகக் காட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

மாமா ஒன்பது வருடம் என் வீட்டில் இருந்தார். குளிக்கவார்த்தது நான், மருந்து கொடுத்தது நான், பனிக்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினது நான். கடைசிப் பத்து நாளும் என் முகத்தைப் பார்த்து, "ஞானேந்திரன், வந்திட்டீரோ?" என்று கேட்டார். "ஓம் மாமா, வந்திட்டன்" என்று உம்முடைய பெயரில் பதில் சொன்னேன். என் பெயரை ஒருக்காலும் சொல்லவில்லை. அவர் கண்மூடின அடுத்த நாள் அறிவித்தல் எழுதும்போது அந்தப் பெயரைக் காண எனக்குப் பொறுக்கவில்லை.

துஷாந்தினி உம்முடைய பெயரைத் திரும்பப் போட்டாள். போட்டுவிட்டு, "காரணம் எழுதாமல் இது ஏற்காது அப்பா" என்று கீபோர்டை என் பக்கம் தள்ளினாள். ஒற்றை விரலால் தட்டி எழுதினேன்: 'இவரும் மாமாவின் மருமகன். எடுத்தவன் உருத்திரமூர்த்தி. காரணம் பொறாமை.' உம்முடைய பெயர் இந்த முறை என் திரையில் மட்டும் இல்லை, எல்லாருடைய திரையிலும் இருக்கும். திறந்து பாரும்.

யோகராணி பின்னால் நின்று முழுவதையும் வாசித்துவிட்டாள். குசினிக்குப் போய் இரண்டு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். ஒன்று துஷாந்தினிக்கு, ஒன்று தனக்கு. எனக்காக வராவிட்டாலும் நகுலேஸ்வரியைக் கூட்டிக்கொண்டு கெதியா வாரும் ஞானேந்திரன், இந்த வீட்டில் யோகராணியோடு கதைக்க ஒரு ஆள் வேண்டும்.